எல்லாரும் ‘திருப்தி’ என்று சொன்ன ஊர்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது எனக்கு ஆராய்ச்சியில் பெரிய ஆசை எதுவும் இல்லை. விருதுநகரில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்தேன். பட்டம் இல்லாதவர்களை அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு ஓடியது. அந்தப் பயம்தான் காரணம். வயது நாற்பதை நெருங்கிவிட்டது. காலையில் சமையலை முடித்துவிட்டு வகுப்புக்கு ஓட வேண்டும். மாலையில் வந்து மறுபடி அடுப்படிக்குள் நுழைய வேண்டும். கோடை விடுமுறை என்பது மாணவர்களுக்கு மட்டும்தான். நாங்கள் காரியாபட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எங்கள் கல்லூரியில் சேர்த்துவிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்போம். இதற்கு நடுவில்தான் ஆராய்ச்சி.

என் நெறியாளர் மதுரையில் இருந்தார். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலமே இருந்தது. கோபப்படவே மாட்டார். அதற்கும் தெம்பு வேண்டுமே என்று விட்டுவிட்டவர் போல இருப்பார். தலைப்பை அவர்தான் கொடுத்தார்: பட்டாசுத் தொழிலில் உள்ள பெண்களின் பணித் திருப்தி. வங்கி ஊழியர்களுக்கும் மில் தொழிலாளர்களுக்கும் இதே ஆய்வை அவருடைய பழைய மாணவர்கள் செய்திருந்தார்கள். கேள்விகள் ஏற்கெனவே தயாராக இருந்தன. வங்கி என்று இருந்த இடத்தில் பட்டாசு ஆலை என்று மாற்றினேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில்கள். மிகவும் திருப்தியில் தொடங்கி மிகவும் அதிருப்தியில் முடியும். நடுவில் ‘நடுநிலை’ என்று ஒன்று. பதில்களுக்கு எண் கொடுத்துக் கணினியில் ஏற்றினால் எது எதோடு சம்பந்தப்பட்டது என்று அது சொல்லிவிடும். இதற்கு அளவுசார் ஆய்வு என்று பெயர். அப்போது எனக்குத் தெரிந்த ஆய்வு அது ஒன்றுதான்.

நான் போன ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தாயில்பட்டிக்குப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். சனிக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் சிவகாசி பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து மினி பஸ் பிடித்துப் போவேன். பொழுது சாயும் நேரத்தில் கம்பெனி வேன்கள் வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போகும். ஆலையிலேயே கை கால் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். ஆனாலும் நகத்தின் ஓரத்திலும் காது மடலிலும் வெடிமருந்தில் கலக்கும் வெள்ளிப்பொடி அப்பியிருக்கும். தண்ணீர்த் தொட்டியின் படியில் உட்கார்ந்து, வருகிறவர்களை நிறுத்தி, கேள்விகளை வாசித்துக் காட்டி, நானே குறித்துக்கொள்வேன்.

வேலை நேரம் எப்படி என்றால் திருப்தி. ஃபோர்மேன் நடத்தும் விதம் எப்படி என்றால் திருப்தி. பாதுகாப்பு, குடிதண்ணீர், கழிப்பறை எல்லாமே திருப்தி. நடுநிலை என்றால் என்ன என்று ஒருத்தி கேட்டாள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை என்றேன். அப்படியெல்லாம் எதற்கு, திருப்தி என்றே போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். இன்னொரு பெண் நின்றுகூடக் கேட்கவில்லை. வீட்டில் சோறு வடிக்க வேண்டும், என் பங்குக்கும் எல்லாம் திருப்தி என்று எழுதிவிடுங்கள் என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. சீக்கிரம் முடிந்தால் வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிடலாம்.

கல்லூரிக் கணினி அறையில் ஓய்வு வேளைகளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். எந்தப் பதிலை எத்தனை பேர் சொன்னார்கள் என்று படம் வரையச் சொன்னேன். திரையில் ஒரே ஒரு தூண் எழுந்து நின்றது. மற்ற நான்கு பதில்களும் தரையோடு கிடந்தன. நான் ஏதோ தவறாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மறுபடி வரையச் சொன்னேன். அதே தூண்தான் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன். நெறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தாத்தாம்மா கணக்குப் போட முடியும். எல்லாரும் ஒண்ணையே சொன்னா, எதை எதோட ஒப்பிடுறது?” என்றார்.

வேறு ஊருக்குப் போய் மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. வேண்டாம் என்றார். எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ளத்தான் எண்ணுகிறோம், அது தெரிந்துவிட்டது, ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது, உட்கார்ந்து பேசித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அதற்குப் பண்புசார் ஆய்வு என்று பெயர். ஆட்கள் கொஞ்சம் போதும். ஆனால் நேரம் நிறைய வேண்டும். என்னிடம் இல்லாததே அதுதான்.

முதலில் குழுவாகப் பேசிப் பார்க்கச் சொன்னார். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து, சுண்டல் வாங்கி வைத்து, சில பெண்களைக் கூட்டினேன். கூப்பிடாமலே ஃபோர்மேனின் மனைவியும் வந்து நடுவில் உட்கார்ந்தார். அவரை எழுந்து போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையைப் பற்றி நான் எதைக் கேட்டாலும் பேச்சு மினி பஸ் நிற்காமல் போவதில் போய் முடிந்தது. சுண்டல் தீர்ந்ததும் கூட்டமும் கலைந்தது.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா வந்து மறுமுனையைப் பிடித்தார். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான உடம்பு. வெடிக்குத் திரி வைக்கிற வேலை. கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது என்றும், ஒரே மகள் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் இருக்கிறாள் என்றும் பஸ் நிறுத்தத்துக்குக் கூடவே நடந்து வரும்போது சொன்னார். என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார்.

போனேன். செல்போனில் பதிவு செய்யட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்றார். நன்றாகத்தான் பேசியதாக நினைத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டில் அதைப் போட்டுக் கேட்டு எழுத்தில் இறக்க ஆரம்பித்தபோதுதான் அது என்ன வேலை என்று தெரிந்தது. ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு மிக்சி, கோழி எல்லாவற்றுக்கும் அடியில் பேச்சு கிடந்தது. ஒரு வாக்கியத்துக்குத் திரும்பத் திரும்பப் பின்னால் போக வேண்டும். துணி மடிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் காதில் ஹெட்போனோடு அலைந்தேன். கடைசியில் எழுதி முடித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் என் குரல்தான். “அப்படின்னா உங்களுக்குக் கஷ்டமா இருந்திருக்கும், இல்லையாக்கா?” என்று நான் கேட்கிறேன். “ஆமா டீச்சர்” என்கிறார். “பயமாவும் இருந்திருக்கும்?” “ஆமா டீச்சர்.” வாசித்துவிட்டு நெறியாளர் சொன்னது இவ்வளவுதான்: நீ கேள்வி கேட்கவில்லை, பதிலைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய். மறுபடி போ. பேசாமல் இரு.

வகுப்பில் மணிக்கணக்கில் பேசிப் பழகியவளுக்குப் பேசாமல் இருப்பது லேசில் வரவில்லை. அடுத்த தடவை போனபோது அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாரும் ஏன் திருப்தி என்றே சொல்கிறார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நானும் ஒரு பிடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பதில் சொல்லவில்லை. நான் இட்டு நிரப்பவும் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்று எனக்குப் பேசத் தெம்பும் இல்லை. வெங்காயம் பாதி தீர்ந்த பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

“உங்களுக்கு முந்தி ரெண்டு பேரு இதே மாதிரி பேப்பரைக் கொண்டாந்தாக டீச்சர். நாங்களும் உள்ளதைச் சொன்னோம். ஒரு ரூமுக்குள்ள கணக்குக்கு மேல எம்புட்டுப் பேரு உக்காருறோம், கூடாதுன்னு இருந்தும் மரத்தடியில என்ன வேலை பாக்கோம்னு எல்லாத்தையும் சொன்னோம். அதுக்குப் பெறகு ஆபீசருக வந்து கம்பெனிக்குச் சீல் வச்சிட்டுப் போயிட்டாக. அவுக எழுதுனதாலதான் வந்தாகளோ, தானா வந்தாகளோ, யாரு கண்டா.”

ஆலை மாதக்கணக்கில் திறக்கவில்லை. தீபாவளிக்கு முந்தைய சீசன் முழுவதும் போய்விட்டது. அதற்குப் பிறகு யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை. ஆனாலும் பேப்பரோடு யார் வந்தாலும் திருப்தி என்று சொல்லிவிடுவது என்பது எல்லாருக்கும் பழகிப்போனது. என் தூணுக்கு அதுதான் காரணம். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு வந்தது. இத்தனை மாத அலைச்சலுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். எழுந்து கிளம்பியிருப்பேன். அக்கா இன்னும் முடிக்கவில்லை.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்கிடாதீக. பூட்டிக் கெடந்த அந்த மாசமெல்லாம் எனக்கு நல்லா இருந்துச்சு டீச்சர். சோத்துக்குச் செரமந்தான். ஆனா தூங்குனேன். வேன் வந்துருமேன்னு பதறி எந்திரிக்க வேண்டாம். வெயில் மூஞ்சில அடிக்கிற வரைக்கும் கெடந்தேன். இது இப்படியே பூட்டிக் கெடந்தா என்னன்னு நெனச்சேன்.”

சொல்லிவிட்டுத் தோலைக் கூட்டி அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒரு மழை நாளில் கல்லூரிக்கு விடுமுறை என்று செய்தி வந்தபோது, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கொஞ்ச நேரம் படுக்கையிலேயே கிடந்தது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்த உடனே தூங்கிப்போனேன். விருதுநகரில் கண்டக்டர் எழுப்பிவிட்டார்.

அந்த அத்தியாயத்தை நான் வேகமாக எழுதினேன். ஆய்வில் நானாக எழுதியது என்று சொல்ல அது ஒன்றுதான். திருப்தி என்ற சொல்லுக்கு அடியில் பயம் இருந்தது. பயத்துக்கும் அடியில் அலுப்பு இருந்தது. இந்தப் பெண்களுக்குச் சம்பளம், ஃபோர்மேன், தண்ணீர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓய்வு வேண்டியிருக்கிறது, அதைப் பற்றி என் கேள்விகளில் ஒன்றுகூட இல்லை என்று எழுதினேன். அக்கா சொன்னதை அவர் வார்த்தையிலேயே நடுவில் வைத்தேன். மற்ற எல்லாப் பத்திகளும் அதன் மேல்தான் நின்றன.

நெறியாளர் வாசித்துவிட்டு, இதற்காகத்தான் உன்னைப் போகச் சொன்னேன் என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பிறகு, அந்தம்மாவிடம் வாசித்துக் காட்டினாயா என்று கேட்டார். இந்த வகை ஆய்வில் சொன்னவரிடமே திரும்பக் கொண்டுபோய், நீங்கள் சொன்னது இதுதானா என்று கேட்க வேண்டும். எனக்கு அது வெறும் சடங்காகப் பட்டது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போகிறதே என்ற கவலைதான் இருந்தது.

அக்கா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து, வேறு யாருடைய கதையையோ கேட்பது போலக் கேட்டார். சீல் வைத்த பகுதி வந்ததும் நானே நிறுத்தி, இதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அதுதான் அவருக்கு ஆபத்தானது என்று நினைத்திருந்தேன். அது ஊருக்கே தெரிந்த சேதி, இருக்கட்டும், ஊர்ப் பெயரை மட்டும் போடாதீர்கள் என்றார். தூங்கிய பகுதியை வாசித்தேன். அவர் காலை மடக்கிக்கொண்டார்.

“அதை எடுத்துருங்க டீச்சர்.”

பெயர் கிடையாது, ஊர் கிடையாது, வயதைக்கூட மாற்றி எழுதியிருக்கிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.

“எம் மகளுக்குத் தெரியும்” என்றார்.

அப்போதுதான் மீதியைச் சொன்னார். ஆலை பூட்டிக் கிடந்தபோது மகள் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வேறு வரும்படி இல்லாததால் படிப்பை நிறுத்திவிட்டு, காலண்டர் அடிக்கும் அச்சாபீசுக்கு பைண்டிங் வேலைக்குப் போனாள். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். ஆலை திறந்த பிறகும் அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை.

“அவ படிப்பை விட்டுட்டு ஓடிக்கிட்டு இருந்தா. நான் நல்லாத் தூங்குனேன், இப்படியே இருக்கட்டும்னு நெனச்சேன்னு சொல்லியிருக்கேன். அச்சாபீசுல இருக்கிறவ டீச்சர் அவ. கையில கெடைக்கிறதை எல்லாம் வாசிப்பா. என்னைக்காவது இதுவும் கெடைச்சிரும்.”

ஆய்வேட்டை யாரும் வாசிப்பதில்லை, நூலகத்தில் தூசி படிந்து கிடக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மறுத்துப் பேசவில்லை. “நீங்க பாத்துச் செய்யுங்க” என்றார். சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நெறியாளரிடம் சொன்னேன். இதை எடுத்தால் அத்தியாயம் நிற்காது என்று அவருக்கும் தெரியும்.

“அது அந்தம்மாவோட பேச்சு. கொடுத்தாங்க, இப்போ திருப்பிக் கேக்குறாங்க. கொடுத்துரு” என்றார். பிறகு எனக்கு டீ சொன்னார்.

எடுத்துவிட்டேன். பல நாள் அந்த அக்காவின் மேலேயே எனக்குக் கோபம் இருந்தது. அப்புறம் கோபப்படவும் நேரமில்லாமல் போனது. அலுப்பைப் பற்றிய பத்திகளும் ஒவ்வொன்றாக விழுந்தன. பயம் வரைக்கும்தான் ஆய்வேடு போனது. வரம்புகள் என்ற பகுதியில், பேசியவர் விருப்பப்படி ஒரு பகுதி நீக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் புள்ளிவிவரப் பகுதியை ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், பண்புசார் பகுதி மேலோட்டமாக இருக்கிறது, அந்தப் பெண்களின் மனதுக்குள் நீங்கள் போகவில்லை என்றார். ஆமாம் சார் என்றேன். நெறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பட்டம் கிடைத்தது. கல்லூரியில் என்னை வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சி முறைகள் என்ற பாடத்தையும் என் தலையில் கட்டினார்கள். இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடுகளை அட்டவணை போட்டுக் கொடுக்கிறேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதுகிறார்கள். இதற்கு மேல் சொல்ல வாய் எடுத்தால் மணி அடித்துவிடுகிறது.

சில வருஷம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வருகிறோம் என்றார். இருவரும் வெயிலோடு வந்து சேர்ந்தார்கள். அக்கா ஆலைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். கைகள் வெளுத்து, நகங்கள் சுத்தமாக இருந்தன. மகள் அதே அச்சாபீசில் கணினியில் பக்கம் அமைக்கும் வேலைக்கு மாறியிருந்தாள். அஞ்சல் வழியில் பட்டமும் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். கல்யாணப் பத்திரிகைகூட அவள் அமைத்ததுதான்.

மோர் குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா, “டீச்சர், நான் இவகிட்டச் சொல்லிட்டேன்” என்றார். எதை என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. “நான் தூங்குனதை” என்றார்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எனக்கு அப்பவே தெரியும் மேடம். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நான் வாசலைத் தாண்டுவேன், அம்மா முழிச்சிறக் கூடாதுன்னு” என்றாள். தாயைப் பார்க்காமல் மேலே சொன்னாள். “கோவமும் இருந்துச்சு. ஒரு நாளாவது எந்திரிச்சு டீ போட்டுக் குடுத்திருக்கலாம்ல.”

“குடுத்திருக்கலாம்” என்றார் அக்கா.

இனி நான் இதை எங்காவது எழுதலாமா என்று கேட்டேன். அக்கா மகளைப் பார்த்தார். எழுதுங்கள், ஊர்ப் பெயர் மட்டும் வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். ஆய்வேட்டில் இனிமேல் எதையும் சேர்க்க முடியாது. அது கட்டி, முத்திரை குத்தி, பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆமத்தூரில் இன்னும் இரண்டு வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனேன். கூட்டமாக வந்த பஸ்ஸில் அக்காவுக்கு இடம் கிடைத்தது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். பஸ் போன பிறகு காய்கறிக்கடையில் கீரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.